சின்னம்மா திருத்திய பொயிலர்

அம்மாவின் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிய முதல் குளிர்காலத்தில், வீட்டில் பழுதான பொருள் எதுவுமே மிஞ்சவில்லை. ஒழுகிய குழாய், சுழலாத ட்ரையர், சரியாக மூடாத அலுமாரி எல்லாவற்றையும் சின்னம்மா போனில் வீடியோ பார்த்தே திருத்தினார். "மச்சாள் இருக்கேக்க எங்களுக்கு வேற ஆள் ஏன்?" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்டதும் சின்னம்மாவின் முகம் மலரும். உடனே அடுத்த பழுதைத் தேடத் தொடங்கிவிடுவார்.

பார்க்டேலில் நாங்கள் இருந்தது பழைய வீடு. பேஸ்மென்டில் இருந்த கேஸ் பொயிலர் தண்ணீரைச் சூடாக்கி அறைகளின் இரும்பு ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவை சில்லிட்டுப் போயின.

சின்னம்மா தெர்மோஸ்டாட்டின் பற்றரியை மாற்றினார். ரேடியேட்டர்களில் சிக்கியிருந்த காற்றைத் திறந்துவிட்டார். பொயிலரில் நெருப்பு பற்றியது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. கடைசியில், பொயிலரிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் சின்னச் சுவிச்சு ஒன்றைக் கண்டார். அதன் பொத்தானை அமத்தினால் பொயிலர் பற்றும். பிறகு அந்தச் சுவிச்சே அதை நிறுத்திவிடும். அதுவரை அவர் கண்டுபிடித்ததெல்லாம் சரி.

"உந்தச் சுவிச்சுத்தான் பழுது," என்றார்.

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அம்மா தங்கையிடம், "ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவம், பிள்ளை," என்றார்.

"அவ பாத்துக்கொள்ளுவா, நீர் போம்," என்று அப்பா சிரித்தார்.

சின்னம்மா சுவிச்சைக் கழற்றி, அதிலிருந்த இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினார். பொயிலர் நிற்காமல் எரிந்தது. வீடு கதகதத்தது. அப்பா தன் கையாலேயே அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் போலப் படிக்கட்டின் அருகே இருந்த நச்சுவாயு அலாரம் கத்தியது. "பற்றரி முடிஞ்சுபோச்சு," என்று அப்பா கதிரையில் ஏறி அதைக் கழற்றி வைத்தார். புதுசு வாங்கி வாறன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவர், வழியில் சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டார்.

சின்னம்மா தலை இடிக்கிறது என்று சோபாவில் சாய்ந்தார். எனக்கும் இடித்தது. "இவ்வளவு நேரக் குளிருக்குப் பிறகு சூடு, குஞ்சு. அதுதான் நித்திரை வருது," என்றார். நான் அவரோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

அம்மா வேலையால் வந்தபோது யன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டிருந்ததாம். நான் வாந்தி எடுத்திருந்தேன். சின்னம்மாவை எழுப்ப முடியவில்லை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பனியில் இருத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு திரும்பி ஓடியது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி, முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க்.

மறுநாள் வந்த கேஸ்காரர் புகைபோக்கிக்குள் அடைத்திருந்த பறவைக் கூட்டை இழுத்தெடுத்தார். வெளியேற வழியில்லாத வாயு வீட்டுக்குள் திரும்பிய போதெல்லாம் அந்தச் சுவிச்சு பொயிலரை அணைத்திருக்கிறது. அது பழுதே இல்லை, ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

சுகம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் எல்லோரும் இருக்கும்போது அப்பா வெடித்தார்.

"ஆர் உம்மை உதில கை வைக்கச் சொன்னது? என்ர பிள்ளை செத்திருக்கும், தெரியுமே?"

சின்னம்மா நிலத்தைப் பார்த்தபடி, "பிழை என்னிலதான் அத்தான்," என்றார்.

பனி கரையுமுன்னரே பிக்கரிங்கில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு நல்லநாள் பெருநாளுக்கு வருவார், சாப்பிட்டுவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. அப்பா இந்தக் கதையை வருடக்கணக்காகச் சொன்னார். அவர் கதையில் அலாரம் கத்தவே இல்லை.

அப்பா அதைக் கழற்றியபோது சின்னம்மா பக்கத்தில்தான் நின்றார். தலைச்சுற்றில் அதை மறந்துவிட்டார், அதனால்தான் சொல்லவில்லை என்று நான் நினைத்தேன். இன்னொருவர் வீட்டில் ஒதுங்கியிருக்கிற ஒருத்தி எதைச் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.