வென்டிலேட்டரில் ஷிஃப்ட் பார்த்த மைனாக்கள்

மைனா இனிமையாகப் பாடும் என்று எழுதியவர்களை எங்கள் வீட்டு வென்டிலேட்டருக்குக் கீழே ஒரு வாரம் படுக்க வைத்திருக்க வேண்டும்.

வீடு சத்தியவேட்டுக்குப் பக்கத்தில். அப்போது அது சித்தூர் மாவட்டம். பிற்பாடு திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. நான் ஏழாவது முடித்திருந்த கோடை விடுமுறை. நைனாவுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் உலை பார்க்கும் வேலை, அந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். எட்டு மணிக்குப் படுப்பார். எட்டேகாலுக்கு மைனாக்கள் ஆரம்பிக்கும்.

நைனாவின் தலைக்கு நேர் மேலே, கண்ணாடிப் பட்டைகள் உடைந்துபோன வென்டிலேட்டரில் கூடு. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். வைக்கோல், பிளாஸ்டிக் கவர், என்னுடைய காணாமல்போன ரிப்பன், நடுவில் நீல நிறத்தில் நான்கு முட்டைகள். ஒன்று அடைகாக்கும், மற்றது மேயப் போகும். போனது திரும்பிவந்து முருங்கை மரத்திலிருந்து கத்தும். உள்ளிருப்பது பதிலுக்குக் கத்தும். அது ஒன்று சொல்ல, இது ஒன்று கேட்க, தொண்டை கரகரக்க ஒரு பஞ்சாயத்தே நடக்கும். பிறகு அது உள்ளே, இது வெளியே. அரை மணி போனால் மறுபடியும் முதலிலிருந்து. ஜோடிப் பறவைகள் இப்படிப் பேசித்தான் முறை மாற்றிக்கொள்கின்றன என்று பிற்காலத்தில் புத்தகத்தில் படித்தேன். எங்களுக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மைனாவுக்கு எங்கள் பக்கத்துத் தெலுங்குப் பெயர் கோரிங்கா. "இந்த கோரிங்காங்க வாயில மண்ணப் போட! மனுசன் கண்ண மூடிக்கினு இருந்தா பொறுக்கலையா?" என்று நைனா எழுந்து உட்காருவார்.

"நீ வுடற கொறட்டைக்குத்தான் அதுங்க பதிலு சொல்லிக்கினு கீதுங்க" என்பாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

விளையாட்டல்ல. உலைக்கு முன்னால் கண்ணயர்ந்ததற்காக நைனாவுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வந்திருந்தது. இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பலகை வைத்து அடித்துவிடப் போவதாகச் சொன்னார். முட்டையோடு கூட்டை அடைத்தால் அன்றிலிருந்து வீட்டில் சோறு கிடையாது என்றாள் அம்மா.

எனக்குக் குறித்துவைக்கும் வியாதி அப்போதே உண்டு. கூட்டைப் பார்த்த நாள் முதலே பழைய சயின்ஸ் நோட்டில் தேதி, நேரம், வந்தது, போனது என்று கட்டம் போட்டு எழுதினேன். ஒன்றுக்கு வால் இறகு உதிர்ந்திருந்ததால் அது மொட்டைவால், மற்றது முழுவால். ஒன்பது நாளில் ஒருமுறைகூட, வெளியே துணை வந்து கூப்பிடாமல் உள்ளிருப்பது கூட்டைவிட்டு எழவில்லை.

நோட்டைப் புரட்டிய நைனா, "ரிலீவர் வராம எடத்த வுடமாட்டன்றான் பாரு. எங்க கம்பெனில இப்டி ஒருத்தன் இல்ல" என்றார். மரியாதை வந்ததே தவிரத் தூக்கம் வரவில்லை. பலகை நிச்சயம் என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு யோசனை பிறந்தது. சத்தமெல்லாம் ஆள் மாற்றும்போதுதான். இரண்டுமே வெளியே போய்விட்டால் நைனா ஒரு மணி நேரமாவது தூங்குவார், பலகையும் வேண்டாம். மொட்டைவால் முருங்கையிலிருந்து கூப்பிட்டதை அம்மாவின் போனில் பதிவு செய்துகொண்டேன். சனிக்கிழமை காலை அது மேயப் போனதும், மரத்தடியில் நின்று அந்தப் பதிவைப் போட்டேன். உள்ளிருந்து முழுவால் பதில் சொன்னது. மறுபடியும் போட்டேன். முழுவால் வெளியே வந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, மரத்தைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டு வயல் பக்கம் பறந்தது.

வீடு அமைதியானது. நைனா தூங்கினார். நான் நேரத்தைக் குறித்துவிட்டுப் பெருமையோடு இட்லி தின்னப் போனேன். திரும்பி வந்தபோது வென்டிலேட்டரில் காக்கை உட்கார்ந்திருந்தது. சுவரில் மஞ்சள் கரு வழிந்திருந்தது.

பிறகு இரண்டு மைனாக்களும் வந்தன. அன்று அவை கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நைனா திட்டவில்லை. நாற்காலியில் ஏறிக் கூட்டைப் பார்த்தார். இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மொட்டவாலு வந்து முழுவால இன்னா கேட்டிருக்கும்?" என்றார்.

"எனக்கின்னா தெரியும் நைனா? ரெண்டுந்தான் கத்திக்கினு இருந்துச்சு."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்யப்போய், ஒரு மடப் பறவையால் எல்லாம் கெட்டது. கூடவே வாழ்கிற துணையின் குரலுக்கும் போனில் வரும் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா? அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அம்மாவின் உயிரை வாங்கினேன். 'வந்துவிட்டேன், நீ போ' என்று சொல்லிவிட்டு அந்தத் துணை ஒருநாளும் வராமல் இருந்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.