கடைசி இடத்தில் உட்கார்ந்தவள்

தொண்ணூற்றொன்றில் நான் பத்தாம் வகுப்பு. ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நான்கு நான்கு பேராகப் பிரித்து எங்களை வராந்தாவில் உட்கார வைப்பார். குழுவுக்கு ஒரு சாக்பீஸ், ஒரு கணக்கு. சிமெண்டுத் தரையிலேயே சேர்ந்து போட வேண்டும். முதலில் முடிக்கும் குழுவுக்கு ஒரு 'சபாஷ்' கிடைக்கும். அதற்காக நாங்கள் உயிரை விட்டோம்.

எப்போதும் எங்கள் குழுதான் முதல். அதற்குக் காரணம் என் மூளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நாங்கள் கணக்கை ஆளுக்கு ஒரு படியாகப் பங்கு போட்டிருந்தோம். வரிசையாக உட்காருவோம். நான் சூத்திரத்தை எழுதிவிட்டு சாக்பீஸை அடுத்தவளிடம் கொடுப்பேன். அவள் எண்களைப் போடுவாள். மூன்றாமவள் அடித்துச் சுருக்கிப் பெருக்குவாள். கடைசியில் உட்காருபவள் சேரப்பணஞ்சேரிக்காரி. வகுப்பிலேயே அவளுக்குத்தான் அழகான கையெழுத்து. விடையை எடுத்து எழுதி, க.செ.மீ. என்று அலகு போட்டு, அடியில் இரண்டு கோடு இழுப்பது அவள் வேலை.

காலாண்டுத் தேர்வில் குட்டு உடைந்தது. உருளைக் கணக்குக்கு அவள் மூன்று படிகளுக்கும் இடம் விட்டு, கீழே க.செ.மீ. என்று முத்து முத்தாக எழுதிக் கோடு போட்டிருந்தாள். பேப்பரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன்.

"எங்கப்பா சொல்ட்டாரு. அரையாண்டுலயும் கணக்குல ஃபெயிலானா படிப்பு போதுமாம். அண்ணி கூட தாம்பரத்துக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவணுமாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தெரியலன்னா கேக்க வேண்டியதுதானடி? வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்று கத்தினேன்.

"நீங்கோ மூணு பேரும் வேகமா போட்டுகினே இருந்தீங்கோ. நடுவுல எப்டி கேக்கறது?"



அன்றிலிருந்து மதியம் சாப்பிட்ட கையோடு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். தலைகீழாக நின்றும் பயனில்லை. கடைசி இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு விடை மட்டும்தான் எழுத வந்தது. ஒருநாள் இரண்டாமவள் காய்ச்சலில் வரவில்லை. இடம் காலியாக இருக்கிறதே என்று இவள் அங்கே நகர்ந்து உட்கார்ந்தாள். எண்களைக் கடகடவென்று சரியாகப் போட்டாள். நாங்கள் வாயைப் பிளந்தோம். தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் மனதில் பதிந்திருந்தது. ஆனால் அந்தந்தப் படி அந்தந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் வந்தது.

பிறகு நாங்கள் மூவரும் எழுந்து நின்றுகொள்வோம். அவள் மட்டும் என் இடத்தில் ஆரம்பித்து, நகர்ந்து நகர்ந்து கடைசி இடத்துக்குப் போவாள். ஒரே இடத்தில் உட்கார்ந்து போடச் சொன்னால் மறுபடி முழித்தாள். அதற்குள் அரையாண்டு வந்துவிட்டது.

தேர்வில் பெஞ்சுக்கு ஒருத்தி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள். உருளைக் கணக்கு வந்திருந்தது. பெஞ்சின் இடது ஓரத்துக்குப் போனாள். எழுதினாள். கொஞ்சம் நகர்ந்தாள். எழுதினாள். எனக்கு என் பேப்பர் மறந்தே போயிற்று. காவலுக்கு இருந்த அறிவியல் சார் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, எதுக்கு நகந்துகிட்டே இருக்க?"

அவள் எழுந்து நின்றாள். "கணக்கு போட்டுகினு கீறேன் சார்."

அவர் குனிந்து பேப்பரைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மேல் இருந்த அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து டெஸ்க்கில் வைத்து, வழியை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனுஷனை அதுவரை எனக்குப் பிடிக்காது.

விடுமுறை முடிந்து பேப்பர் கொடுத்தார்கள். அவள் பாஸ். சொற்ப மார்க்தான். ஆனால் தாம்பரம் போக வேண்டியதில்லை. நாங்கள் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தோம். அவள் மட்டும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெஞ்சுல உங்க இடத்துக்கெல்லாம் போய்ப் போய்ப் பாத்தேன். யாருமே இல்ல. அப்பதான் தெரிஞ்சிது, நானேதான் போடறேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். அவளுக்கு இனி நாங்கள் வேண்டாமே என்ற சின்ன வருத்தமும் அதில் இருந்தது.

அடுத்த கணக்கு வகுப்பில் அவள் முதல் இடத்தில் போய் உட்கார்ந்து சாக்பீஸுக்குக் கை நீட்டினாள். கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த கடைசி இடத்தில் நான் உட்கார்ந்தேன். அங்கே கணக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.