பிசிறு வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் எனக்குப் பழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. காலையும் மாலையும் பால் சொசைட்டியில் பால் அளந்து வாங்குவது என் வேலை. அங்கேயும் வருகிறவர்களிடம் தேவைக்கு மேல் பேசமாட்டேன். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாயனசாலைப் பிள்ளைகள், "கூட வந்தது நீங்கதானுங்கக்கா, நீங்களே எழுதிக் குடுங்க" என்று விடவில்லை. நூலகத்தை எங்கள் பக்கம் வாயனசாலை என்றுதான் சொல்வோம்.

எங்கள் ஊர் எல்லை தாண்டி மலையாளப் பக்கம், நல்லேப்பிள்ளிக்கு அருகே. வாயனசாலையில் மாலையில் கூடும் பிள்ளைகள் ஒரு பஸ் பிடித்து மூன்று நாள் பயணம் போனார்கள். ஊருக்கும் உதவ வேண்டும், செய்கிறவர்களும் அதிலேயே பிழைக்க வேண்டும், அந்த மாதிரி தொழில் நடத்துகிறவர்களை நேரில் போய்ப் பார்ப்பதுதான் நோக்கம். இதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஏற்பாடு செய்த தம்பி கோயம்புத்தூரில் மேல்படிப்பு படித்தவன். அந்தப் பெயரை மைக்கில் சொல்லும்போதெல்லாம் பின் சீட்டில் யாராவது கை தட்டுவார்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்ப வேண்டுமானால் பெரியவர்கள் ஒருத்தர் கூட வர வேண்டும் என்று வீடுகளில் சொல்லிவிட்டார்கள். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று பஸ்ஸில்தான் தெரிந்தது.

"அக்கா வாயே தொறக்க மாட்டாங்க. நம்மளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுன்னு நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் ஒரு பெண். எல்லோரையும் சிரிக்க வைப்பவள் அவள். நானும் சிரித்துவிட்டேன்.

கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை வழியாக மலை ஏறினோம். மறையூர் தாண்டியதும் பாட்டு நின்றது. பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை மாட்டுப்பட்டி அணையில் மேகம் இறங்கி, தண்ணீர் எது கரை எது என்று தெரியவில்லை. மாட்டுப் பண்ணையை வெளியிலிருந்தே பார்த்தோம். எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் சொசைட்டிக்காரி புத்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தேயிலை முடிந்து ஏலத்தோட்டம் தொடங்கும் ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே ஐந்து பெண்கள் சேர்ந்து துணி உலர்த்தித் தருகிறார்கள் என்று தம்பி கண்டுபிடித்து வைத்திருந்தான்.

கேட்டபோது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. துணி உலர்த்த ஒரு தொழிலா? போய்ப் பார்த்ததும் புரிந்தது. மழைக்காலம் பிடித்துவிட்டால் அங்கே வாரக்கணக்கில் வெயில் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி. பிள்ளைகள் ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க் காய்ச்சலில் படுப்பார்கள். அதே மலையில் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம், ஏலக்கா ஸ்டோர் என்பார்கள், காய் பறிப்புத் தொடங்கும் வரை சும்மா பூட்டிக் கிடக்கும். வெளியே அடுப்பில் விறகு எரித்தால் உள்ளே தரையோடு ஓடும் இரும்புக் குழாய்கள் சூடாகி அறை முழுவதும் அனல் வரும். காய் பரப்புகிற கம்பி வலைத் தட்டில் துணியைப் பரப்பினால் என்ன என்று கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டோர்க்காரரிடம் சாவி கேட்டு வாங்கி, கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தொடங்கிவிட்டார்.

தம்பி கேள்விகளையெல்லாம் அட்டையில் எழுதி வந்திருந்தான். ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை. வாசலில் கூடை கூடையாக ஈரத்துணி. அந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டி, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, ஞாயித்துக்கிழமையாப் பாத்து வந்திருக்கீக? இன்னைக்குத்தானே எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல" என்றார்.

"லீவு நாளுல ஃப்ரீயா இருப்பீங்கன்னு நெனச்சமுங்க" என்றான் தம்பி.

"லீவு தோட்டத்துக்கு. துணிக்கு ஏது லீவு? நாளைக்குப் பள்ளிக்கூடம்."

எங்கள் ஊரில் வயலுக்கும் மாட்டுக்கும் ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஞாயிறு என்றால் பள்ளிக்கூடமும் ஆபீசும் சாத்தியிருக்கும், அவ்வளவுதான். கோயிலுக்குப் போவது, வாரத் துணி துவைப்பது, டவுனில் சாமான் வாங்குவது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிற ஞாயிறு எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த அம்மாவுக்கு அன்று வேறு கவலையும் இருந்தது. முந்தின வாரம் இரண்டு வீட்டுச் சட்டை மாறிப்போய், இரண்டு தாய்மாரும் சண்டை போட்டு, அது ஸ்டோர்க்காரர் வீட்டு வாசல் வரை போயிருந்தது. அவர் தேனிப் பக்கத்திலிருந்து வந்து தோட்டம் வாங்கியவர். சத்தம் பிடிக்காது. "இன்னொரு தடவ துணி மாறுச்சுன்னா சாவிய வாங்கிருவேன்" என்று சொல்லிவிட்டாராம். சாவி போனால் ஐந்து பெண்களுக்கும் வேலை போகும், பிள்ளைகள் பழையபடி ஈரச் சட்டையோடு போவார்கள். அந்தத் திங்கட்கிழமைதான் அவர்களுக்குப் பரீட்சை.

"வந்தது வந்தீக, கை குடுங்க. தட்டுல விரிச்சுப் போடுங்க, காஞ்சதும் மடிச்சு வைங்க. பூசை முடிஞ்சு ஓடியாந்துருதோம்" என்று சொல்லிவிட்டு நால்வரும் குடை பிடித்து இறங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொள்ள இருந்தார்.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பார்க்க வந்த இடத்தில் வேலை கிடைத்துவிட்டது! ஈரத்துணி தூக்குவதில் பையன்களுக்குள் போட்டி. அனலில் வியர்த்துக் கொட்டியது. வெளியே குளிர், உள்ளே சித்திரை மாதத்து வாளையார் ரோடு மாதிரி வெக்கை. துணியிலிருந்து ஆவி எழும்பியபோது அறை முழுக்க ஏலக்காய் மணத்தது. போன வருஷத்துக் காயின் வாசனை அந்தச் சுவரில் இருக்கிறது. பாயசத்துக்குள்ளே வேலை செய்வது போல இருக்கிறது என்றான் ஒருவன்.

நான் வெளியே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். விறகு தள்ளுகிற அக்காவுக்கும் எனக்கும் பேச்சு ஒத்துப்போயிற்று. அவர் பேசினார், நான் தலையாட்டினேன்.

"இப்ப துணி மாறவே மாறாது. வீட்டுக்கு ஒரு நூல் வச்சிருக்கோம். செவப்பு ஒரு வீடு, மஞ்ச ஒரு வீடு. நெறம் பத்தலன்னா முடிச்சுல வித்தியாசம். பித்தான் ஓட்டையில கட்டிவிட்ருவோம். பேனாவுல எழுதுனா மை பரவுது, டீச்சர் ஏசுதாவ" என்றார்.

நல்ல யோசனையாக இருக்கிறதே, பிள்ளைகளிடம் சொல்லலாம் என்று எழுந்து உள்ளே போனேன்.

முதலில் தரையைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று துண்டு துண்டாக நூல். பார்க்க அழகாகக்கூட இருந்தது. மேசை மேல் பள்ளிச் சீருடைகள், ஒரே நீலம், கடையில் அடுக்கியது போல மடித்து உயரமாக இருந்தன. நம் சிரிப்புக்காரப் பெண் கையில் சின்னக் கத்தரியோடு கடைசிச் சட்டையை எடுத்து விரல் வைத்துப் பார்த்து, 'சக்'கென்று வெட்டினாள்.

"அய்யோ, நிறுத்து கண்ணு!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. வெளியே அடுப்பு அக்கா விறகைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்துச் சில மாதம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தவள். அங்கே சேர்ந்த உடனே கையில் கத்தரியைக் கொடுத்துப் பிசிறு வெட்டத்தான் விடுவார்கள். நீட்டிக்கொண்டிருக்கிற நூலைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இராது. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தக் கைப்பழக்கம் உண்டு. இன்னும் மூன்று பேர் அவளோடு சேர்ந்து வரிசையாக நின்று, அந்தக் கத்தரியை மாற்றி மாற்றி வாங்கி வெட்டியிருக்கிறார்கள். தம்பி பக்கத்தில் நின்று, "இதுதான் குவாலிட்டி!" என்று போட்டோ வேறு எடுத்திருக்கிறான்.

பூசை முடிந்து நால்வரும் வந்தார்கள். அந்த அம்மா தரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. சாவி போச்சு" என்றார்.

அந்தப் பெண் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "ஏனுங்கம்மா, சட்டைக்கு ஆளத் தேடுனாத்தானுங்க கஷ்டம். ஆளுகளையெல்லாம் இங்க கூட்டிட்டு வந்து போட்டுப் பாக்கச் சொன்னா?" என்றாள்.

"எத்தன பிள்ளைக தெரியுமா?"

"பஸ்ஸு இருக்குதுங்க. மைக்கும் இருக்குது."

பஸ் லயங்களுக்குப் போனது. இவள் மைக்கில், "சட்டை ரெடி, சட்டை ரெடி! சட்டைக்காரங்க எல்லாரும் வண்டி ஏறுங்க!" என்று கூவியிருக்கிறாள். அரசியல் கூட்டம் என்று நினைத்து இரண்டு பெரியவர்கள்கூட ஏறி வந்துவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு ஸ்டோரில் நிற்க இடமில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டையை மாட்டிக்கொண்டு கை நீளம் பார்த்தார்கள். சூடான சட்டையை முகத்தில் வைத்து மோந்தார்கள். ஒரு சின்னப் பொடியன் முழங்கால் வரை தொங்குகிற சட்டையைப் போட்டுக்கொண்டு அதுதான் தன்னுடையது என்று அடம் பிடித்தான்.

"ஏலே, அது உங்க அண்ணனுக்கே பெருசா இருக்குமேடா!"

"இதுல ரெண்டு பாக்கெட்டு இருக்கு" என்றான் அவன்.

தாய்மார்கள் பிள்ளைகளை நம்பவில்லை. சட்டையைத் திருப்பி, கிழிந்து தைத்த இடத்தையும் மாற்றி வைத்த பித்தானையும் பார்த்து எடுத்தார்கள். மேசை மளமளவென்று காலியானது. கடைசியில் ஒரே ஒரு சட்டை மிச்சம். அதைப் பிடிக்க இரண்டு கைகள் நீண்டன. முந்தின வாரம் சண்டை போட்ட அதே இரண்டு பேர்!

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்க்காரர் வாசலில் வந்து நின்றார். மைக் சத்தம் அவர் வீடு வரை கேட்டிருக்கிறது. அந்த அம்மா மடியில் இருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

"இது என் மகன் சட்ட" என்றாள் ஒருத்தி.

"எங்க காட்டு" என்று மற்றவள் வாங்கி, அடி மடிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். "ஆமா தாயி, உன்னோடதுதான். நான் தச்சா இம்புட்டுக் கோணலாவா இருக்கும்? பாம்பு போன தடம் மாதிரில்ல போகுது!"

முதலில் சிரித்தது ஸ்டோர்க்காரர். பிறகு கட்டடமே சிரித்தது. கோணல் தையல்காரியும் சட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மற்றவளின் பையன் தன் சட்டையை முன்பே போட்டுக்கொண்டு வெளியே ஓடியாடிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஸ்டோர்க்காரர் உள்ளே வந்து சூடான குழாய்களைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில வர்றேன். ஒரு வீட்டுல இருந்து பேச்சு வந்தாலும் சாவி எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை, ஆனால் சொன்னார்.

எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் பால் விடாத கட்டன் சாயாவும் கொடுத்தார்கள். கிழங்கைப் பிட்டுக்கொண்டே அந்தப் பெண் தம்பியிடம், "நம்மூர்ல முதல் போகம் அறுக்கறப்ப மழை புடிச்சுக்குது. நெல்லு ரோட்டுல கெடந்து மொளைச்சுப் போகுது. புரட்டாசியில கல்யாண மண்டபம் சும்மாத்தானே பூட்டிக் கெடக்குது?" என்றாள்.

"மண்டபத்துல அடுப்பு?"

"இருக்கறதுலயே பெரிய அடுப்பு அங்கதானுங்களே இருக்குது!"

"சாம்பாருக்கு வெச்ச அடுப்புல நெல்லா?"

"ஏன், ஏலக்காய்க்கு வெச்ச அடுப்புல ட்ரவுசர் காயலையா?"

அதற்குப் பிறகு அட்டையில் இருந்த கேள்விகளை அடித்துவிட்டுப் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தார்கள். மின்விசிறி எங்கே, சூடு எந்தப் பக்கம் வரும், மண்டபக்காரரிடம் யார் பேசுவது என்று ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்தார்கள். மண்டபக்காரருக்கு என்னைத் தெரியும், அவர் வீட்டுப் பால் சொசைட்டிக்குத்தான் வருகிறது. அதனால் நான் பேசுகிறேன் என்று சொன்னேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு கை தட்டினார்கள். ஊர் திரும்பியதும் பேசியும் விட்டேன். இரண்டு புரட்டாசியாக அந்த மண்டபத்தில் நெல் காய்கிறது. முதல் வருஷம் புகை சரியாக வெளியேறாமல் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தோம்; இப்போது பரவாயில்லை.

அன்று இருட்டுவதற்குள் அந்தப் பெண் தரையில் கிடந்த நூல்களைப் பெருக்கி எடுத்தாள். அடுத்த வாரத்துக்கு எந்த வீட்டுக்கு என்ன நிறம் என்று ஐந்து பெண்களும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கத்தரியை அந்த அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, மழை விடவில்லை. பிள்ளைகள் காய்ந்த சீருடையோடு பள்ளிக்கூடம் போனார்கள். எந்த வீட்டிலிருந்தும் பேச்சு வரவில்லை. ஸ்டோர்க்காரர் வந்தார், ஒரு சாயா குடித்தார், சாவியைக் கேட்காமல் போனார். பத்து மணிக்கு எங்கள் பஸ் கிளம்பியது.