விரலால் நடந்த பள்ளிக்கூடம்

அரூரில் பைண்டிங் கடை போட்டதிலிருந்து ரெக்கார்டு நோட்டு, கல்யாண ஆல்பம், கோயில் ரசீதுப் புத்தகம் என்று எல்லாம் செய்திருக்கிறேன். வாழ்த்து அட்டை சுலபமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன், சந்தியா வரும்வரை.

சந்தியா பிளஸ் டூ படிப்பவள். அவர்களுடைய வரலாற்று ஆசிரியருக்கு டிரான்ஸ்ஃபர். திங்கட்கிழமை வழியனுப்பு விழா. பள்ளிக்கூடத்தையே அட்டையில் கொண்டுவர வேண்டும், அதுவும் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் வந்து நின்றாள். சரி என்று கலர் பேப்பரை எடுத்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"சாருக்குக் கண்ணு தெரியாதுங்க அக்கா. நாங்க சொல்லிச் சொல்லி அவரு கேக்கற மாதிரி வேணாங்க. அவரே பாக்கணும்."

தடவிப் பார்க்கிற மாதிரி செய்தால் போதும் என்று எனக்குப் பட்டது. ஸ்ட்ரா போர்டு என்கிற தடித்த அட்டையை வெட்டி, பள்ளியின் முகப்பை மேடாக ஒட்டினேன். ஜன்னல், மாடிச் சுவர், கொடிக்கம்பம் எதுவும் விடவில்லை. சந்தியா போனில் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கும் பார்ப்போம் என்று அவளைக் கண்ணை மூடித் தடவச் சொன்னேன்.

"தீப்பெட்டிய அடுக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

நானும் கண்ணை மூடித் தடவினேன். ஒட்டிய எனக்கே ஜன்னல் எது, கதவு எது என்று தெரியவில்லை. பள்ளியின் முகப்பை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மாடிச் சுவரைத் தொட்டதும் இல்லை. அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் வேறு.

சார் வகுப்புக்கு எப்படி வருவார் என்று கேட்டேன். கேட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் நடக்கும் வழியை ஒட்ட ஆரம்பித்தேன். மைதானத்து மண்ணுக்கு உப்புத்தாள். ராம்ப் என்கிற சாய்தளத்துக்குச் சரிவாகச் சீவிய போர்டு, அதன் கைப்பிடிக்கு முறுக்கிய பைண்டிங் நூல். வராண்டா தூண்களுக்கு உருண்டைக் குச்சித் துண்டுகள். கடைசியில் வகுப்பறை, உள்ளே வரிசையாக பெஞ்சுகள். சார் கற்றுக்கொடுத்த பிரெயில் எழுத்தில் வாழ்த்தை சந்தியாவே குத்தினாள்.

விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அட்டையைச் சாரின் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சாரின் விரல் உப்புத்தாளில் கொஞ்சம் தயங்கியது. பிறகு நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"இது நம்ம ராம்ப்பு" என்றார்.

அதன்பிறகு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தூண்களைத் தொட்டுக்கொண்டே போனவர் இரண்டாவது தூணில் நின்று, "இங்கதான எவனோ தெனமும் சைக்கிள உட்டுட்டுப் போவான்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. விரல் திரும்பி, வகுப்பறைக்குள் நுழைந்து, முதல் பெஞ்சில் நின்றது. சார் நிமிர்ந்தார்.

"கிளாஸுக்கு வந்துட்டேன். எல்லாரும் உக்காருங்க."

அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். சந்தியா அழுதுகொண்டே கைதட்டினாள். நானும்தான்.

இப்போதெல்லாம் ஆர்டர் வந்தால் என்ன டிசைன் என்று நான் முதலில் கேட்பதில்லை. அதைக் கையில் வாங்கப்போகிறவர் யார் என்று கேட்கிறேன்.