பெர்குவுக்குப் பன்னிரண்டாம் மாதம்

லெய்பு ஹைமோவிச்சுக்கு ஆன்மாவில் நம்பிக்கை கிடையாது. ஹைஃபாவின் ஹதார் பகுதியில் வெகுகாலமாகப் பல் செட் செய்து பிழைப்பவர். மனிதனில் கடைசிவரை நிலைத்திருப்பது எது என்று கேட்டால், கடைவாய்ப்பல் என்பார். அப்படிப்பட்டவர்தான் போன கோடையிலிருந்து தினமும் இருட்டு விலகுமுன் எழுந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே படியிறங்கி, தெருமுனை யூத ஜெப ஆலயத்துக்குப் போய், செத்துப்போன அப்பாவின் ஆன்மாவுக்காகக் கதீஷ் என்ற ஜெபத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

இதில் ஏதோ பொருந்தாமல் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ருமேனியாவின் தொரோஹோய் ஊரிலிருந்து வந்த கிழவர்களின் ஜெப ஆலயம் அது. மீன் விற்கும் நூசன், ஆன்மா வேறு உடம்பெடுத்துத் திரும்பி வரும் என்பார். அதனால் கடையில் கெண்டை மீன்களைக் கொஞ்சம் மரியாதையாகவே கையாள்வார். நிர்வாகம் பார்க்கும் கிவா செகல், எல்லோரும் மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து ஒருநாள் உடம்போடு எழுந்து வருவோம் என்று நம்பினார். எழும்போது இடுப்புவலியும் கூட வருமா என்பது மட்டும்தான் அவருடைய சந்தேகம். கதீஷிலோ சாவைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ். மகன் எழுந்து நின்று சொல்ல வேண்டும்; பத்து ஆண்களாவது இருக்க வேண்டும்; கேட்டவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். யார் எதை நம்புகிறார் என்று ஆமெனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வழக்கம். நரகத்தில் பொல்லாதவனுக்குக்கூடத் தண்டனை பன்னிரண்டு மாதம்தான். அத்தனை மாதமும் மகன் கதீஷ் சொன்னால், என் அப்பன் பொல்லாதவன் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். ஆகவே பதினோராம் மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசி மாதத்தில் மகன் வாய்மூடி உட்கார்ந்திருப்பதே அப்பனுக்கு நற்சான்று.

அப்பா பெர்குவுக்கு அந்த நற்சான்றைக் கொடுக்கலாமா என்பதுதான் லெய்புவுக்குப் பிரச்சினை.

"முதல்ல நான் போய் ஒரு வீடு பாக்கறேன்" என்று சொல்லி, பெர்கு ஐம்பதாம் வருடம் இங்கே வரத் தனியாகக் கப்பலேறினார். வீடு பார்த்தார். அதில் சேர்ந்து வாழ யாஃபாவில் வேறொருத்தியையும் பார்த்தார். தொரோஹோயில் அம்மா சட்டை தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். தினமும் தபால்காரனை நிறுத்திக் கடிதம் உண்டா என்று கேட்பாள், தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்பாள். அப்படியே செத்துப்போனாள். பிள்ளைகள் வளர்ந்து ஹைஃபா வந்து சேர்ந்து பல வருடம் கழித்து, யாஃபாக்காரி துரத்திவிட்ட பெர்கு பெட்டியோடு லெய்புவின் வாசலில் வந்து நின்றார்.

"உள்ள ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு?" என்றார்.

ஒன்பது வருடம் அந்த அறையில் இருந்தார். சோளக்களியில் உப்பில்லை என்பார். மகன் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த பல் செட் ஈறைக் கடிக்கிறது என்பார். படுக்கையில் விழுந்த பிறகு குளிப்பாட்டியதும் துடைத்ததும் லெய்புதான். அந்த வாயிலிருந்து, பல்லோடும் சரி, பல்லில்லாமலும் சரி, ஒருநாளும் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.

பதினோராம் மாதம் முடியப்போகும் வாரம் தங்கை சூரிகா பட்டறைக்கு வந்தாள். மேசையிலிருந்த பற்களை ஒதுக்கிவிட்டுக் கைப்பையை வைத்தாள்.

"திங்கக்கிழமையோட முடியுதுல்ல?"

"முடியுது."

"அப்ப நிறுத்திடுவே."

லெய்பு ஒரு வெட்டுப்பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? எம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கு. மாப்பிள்ளையோட பெரியப்பா அங்கதான் தினம் வர்றார். அவர் முன்னாடி நின்னு எங்கப்பன் நரகத்துல இருக்கான்னு கத்தப்போறியா?"

"நரகமே இல்லைன்னு சொல்றவன் நான்."

"இல்லாத நரகத்துக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு கோவம்?"

லெய்பு அரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தார். 

அவள் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் நிறுத்து என்றது. பதினோரு மாதம் எழுந்தாயிற்று, அதற்கு முன் ஒன்பது வருடம் அவரைக் கவனிக்க எழுந்தாயிற்று. ஆனால் உட்கார்ந்தால் அப்பா நல்லவர் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. எழுந்து நின்றால் ஊர் முன்னால் காறித் துப்பிய மாதிரி. இதில் ஒரு கோணல் வேறு: அந்த ஆள் உண்மையிலேயே பொல்லாதவர் என்றால், பன்னிரண்டாம் மாதக் கதீஷ் அவருக்குத்தான் ரொம்பவும் தேவை. துப்புவதும் தண்ணீர் கொடுப்பதும் ஒரே செயலாக இருந்தது. ஆன்மாவை நம்பாதவருக்கு இது அதிகப்படியான கவலை என்று அவருக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எப்போதும்போல விழிப்பு வந்தது. போனார். அவரோடு சேர்த்துப் பத்துப்பேர்தான் தேறினார்கள். ஜன்னலோரம் மாப்பிள்ளையின் பெரியப்பா. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் கைப்பையின் கொக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வார நாளில் அங்கே யாரும் வருவதில்லை. சூரிகா காவலுக்கு வந்திருந்தாள்.

கதீஷ் சொல்லும் இடம் வந்ததும் லெய்பு எழுந்து நின்றார்.

கிவா செகல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "லெய்பு, நேத்தோட முடிஞ்சுது. உக்காருப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் நிக்கிறியா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"எங்கப்பன் பொல்லாதவன்னு நினைப்பாங்க. பொல்லாதவன்தான்."

நூசன் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பன் மட்டும் யோக்கியமா? காலம்பூரா தராசுல கட்டைவிரலை வச்சே வித்த மனுஷன். நான் பதினொண்ணோட வாயை மூடிக்கலே? ஊர்ல எல்லா அப்பனும் ஒரே மாதிரி நல்லவனா இருக்கட்டும்னுதான்யா இப்படி ஒரு வழக்கமே வச்சாங்க."

"அப்பனுங்களுக்கு வசதியாத்தான் இருக்கு நூசன். எங்கம்மாவுக்கு யாரு என்ன வச்சாங்க?"

நூசன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். லெய்பு சொல்லத் தொடங்கினார். மனப்பாடமான வார்த்தைகள்; முதல் நிறுத்தம் வந்தது. ஆமென் வரவேண்டிய இடம். வரவில்லை. கிழவர்கள் ஜெபப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்கள். ஆமென் சொன்னால் ஒருவனை நரகத்தில் தள்ளிய பங்கு, சொல்லாவிட்டால் கடவுளின் புகழுக்கு வாய்திறக்காத பாவம். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.  அடுத்த வரியைச் சொல்வதா, உட்கார்ந்துவிடுவதா என்று லெய்புவுக்குத் தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஆமென் வந்தது. சளிபிடித்தது போன்ற கரகரத்த குரல். அதன் பிறகு நூசன் முணுமுணுத்தார், கிவா முணுமுணுத்தார், கடைசியில் பெரியப்பாவும் சொன்னார்.

வெளியே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது.

"உன்னைத் திட்டிட்டு எழுந்து போயிடலாம்னுதான் இருந்தேன்" என்றாள் சூரிகா. "யாருமே வாயத் திறக்கலே. நீ பாட்டுக்கு நிக்கிறே. அம்மா கடிதாசி வந்துச்சான்னு கேட்டப்பவும் இப்படித்தானே எல்லாரும் கம்முனு இருந்தாங்கன்னு தோணிச்சு."

"கல்யாணம்?"

"ஆமென் சொன்னாருல்ல, அந்தப் பெரியப்பா. இனிமே என்னத்தைப் பேசுவார்?"

கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடியபடி கேட்டாள். "இப்ப நீ நின்னது அப்பாவுக்கு அடியா, ஒத்தாசையா?"

"அந்த ஆளு நரகத்துல இருந்தா ஒத்தாசை. எங்கயுமே இல்லேன்னா எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்."

"அப்ப நாளைக்கும் வரணுமே."

லெய்பு இதை யோசித்திருக்கவில்லை. எழுந்து நிற்கும் ஒரு காலைப்பொழுதைத்தான் இத்தனை நாளாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்தார். ஒருநாள் நின்று விட்டுவிட்டால் அது வெறும் வசவு. அதற்குப் பின்னால் ஒரு முழு மாதம் வரிசையாக நிற்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"வரணும்" என்றார். "செத்தும் தூங்க விடமாட்டேங்கறான் மனுஷன்."

சூரிகா சிரித்தாள். பஸ் வந்ததைச் சொல்லத் திரும்பினாள். லெய்பு உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். அவள் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டாள்.