டேப்பு அக்காவும் ஒரு பீரோவும்

மேடையின் நடுவில் அடித்த ஆணியில் டேப்பை மாட்டி இழுத்துக்கொண்டு, நாற்காலி நாற்காலியாகக் குனிந்து அளக்கிறார். சோபா, மேசை, குடை மாட்டும் கம்பி, எதுவும் தப்பாது. நடிகர்கள் ஒத்திகைக்கு வந்து நின்றால் அவர்கள் காலடி வரைக்கும் டேப் வரும். "அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்பார். அரங்கில் எல்லோருக்கும் அவர் டேப்பு அக்கா.

சுழல்மேடைக்கு அவர்தான் பொறியாளர். நிலைமத் திருப்புத்திறன் என்று பாடப்புத்தகம் சொல்லும் கணக்கைப் போடுவது அவர் வேலை. சுற்றுகிற மேடை நிற்கமாட்டேன் என்று எவ்வளவு அடம்பிடிக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். மேடையைச் சுற்றி ஆளுயரப் பள்ளம். அதைக் கடந்து இறங்க ஒரே ஒரு பலகை; மேடை சரியாக அதன் எதிரே வந்து நிற்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் மேடை ஒரு முழம் தள்ளி நின்றுவிட, வயதான நடிகர் ஒருவர் இருட்டில் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, கணக்கில் பிழையில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் மனம்தான் இன்றுவரை ஒப்பவில்லை.

வீட்டில் மின்விசிறியை அணைத்தால், நிற்கும்வரை சுற்றுகளை எண்ணிக்கொண்டு கையிலெடுத்த கவளத்தோடு உட்கார்ந்திருப்பார். மகள் சுழல்நாற்காலியில் சுற்றினால், "காலை மடக்காதேடி, வேகம் கூடும்" என்று அடுக்களையிலிருந்து பதறுவார். "இவளோட நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது" என்பது கணவரின் நிரந்தரப் புலம்பல்.

இன்று முதல் காட்சி. மாலை நான்கு மணிக்கு அக்கா வந்து பார்த்தால், நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்த இரும்பு பீரோ மூன்றாவது மீட்டரில், ஓரத்தில் நிற்கிறது. பார்க்க எடுப்பாக இருக்கிறதென்று இயக்குநர் நகர்த்திவிட்டார். புதிதாக எதையும் ஏற்றாததால் அக்காவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு கிலோகூட கூடலையேம்மா" என்றார் இயக்குநர்.

"எடை கூடலைங்க. இடம் மாறிடுச்சு."

தூரம் மூன்று மடங்கானால் பீரோவின் அடம் மூன்று தரம் மூன்று, ஒன்பது மடங்கு என்று சொல்லிப் பார்த்தார். விளக்குகளையெல்லாம் அதற்கேற்பத் திருப்பியாகிவிட்டது, இனி நகர்த்த முடியாது என்று இயக்குநர் கையை விரித்தார். அக்கா தரையிலேயே உட்கார்ந்து, வசனத்தாளின் பின்பக்கத்தில் மூன்று முறை கணக்குப் போட்டார். மூன்று முறையும் ஒரே விடை. பழைய கோட்டை அழித்துவிட்டு ஒரு சாண் முன்னால் புதுக்கோடு போட்டார்.

"நம்பலாமா அக்கா?" என்றார் மோட்டார் ஓட்டுபவர். அக்கா, காட்சியின்போது இருட்டில் பலகையில் கால்வைக்க வேண்டிய கதாநாயகியைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, அவள் இடத்தில் தானே ஏறி நின்றார். அவளைவிடத் தான் ஆறு கிலோ கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்த்திருந்தார். விளக்கை அணைக்கச் சொன்னார்.

மேடை சுற்றியது, முனகிக்கொண்டே நின்றது. அக்கா வலது காலை எடுத்து வைத்தார். காலடியில் பலகை இருந்தது.

விளக்கு வந்ததும் யாரோ கைதட்டினார்கள். அக்கா திரும்ப ஏறி அதே இடத்தில் நின்றுகொண்டு, மோட்டார்காரரைப் பார்த்து, இன்னும் ஒரு தடவை என்று விரலைத் தூக்கிக் காட்டினார்.