பிழையான வழிக்குப் போட்ட மா

1. முதல் வேலை

நஸீர் நானா என் கையில் ஒரு பை கோதுமை மாவைக் கொடுத்து, "இதக் கொண்டுபோய் காட்டுல கொட்டிட்டு வா" என்று சொன்ன அன்றுதான் இந்த வேலை தொடங்கியது.

அவர் அலவத்துகொடைக்காரர். கண்டி டவுனில் அவருடைய ஹாட்வெயார் கடையில் நான் சாமான் எடுத்துக் கொடுப்பவன். சனிக்கிழமை பின்னேரங்களில் மலையிலும் காட்டிலும் ஓடுகிற ஒரு கூட்டத்துக்கு அவர் செயலாளர். பேங்க்காரர்கள், வாத்திமார், டொக்டர்மார், இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் என்று இருபது பேர் வருவார்கள். ஒவ்வொரு கிழமையும் புதிய வழி. அது எங்கே போகிறது என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியாது. முதல்நாளே ஒருவன் போய், முப்பது அடிக்கு ஒரு பிடி மா போட்டு வைப்பான். அதைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டும்.

"நீ ஹந்தானை தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன். காடு தெரியும். வாயும் தொறக்க மாட்டாய். இந்த வேலைக்கு அதுதான்டா வேணும் முத்து" என்றார்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காட்டில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்பதால் சரி என்றேன்.

2. மூன்று குறி

குறி மூன்றுதான். ஒரு பிடி மா என்றால் வழி சரி. வட்டம் என்றால் வழி அங்கே முறிகிறது, நாலு பக்கமும் தேட வேண்டும். தேடிப் போகும் வழியில் இரண்டு கோடு குறுக்கே வெட்டும் புள்ளடி கண்டால் அது பிழை, வட்டத்துக்கே திரும்ப வேண்டும். பிழையான வழியை 'ஃபோல்ஸ்' என்போம்.

ஃபோல்ஸ் விளையாட்டுக்கு மட்டும் போடுவதல்ல. அது இல்லாவிட்டால் வேகக்காரர்கள் எங்கேயோ போய்விடுவார்கள். நஸீர் நானா மாதிரி வயிறு வைத்தவர்கள் காட்டில் தனித்துவிடுவார்கள். முன்னால் போகிறவர் பிழையாக ஓடித் திரும்பும் நேரத்தில் பின்னால் வருகிறவர் வட்டத்துக்கு வந்து சேர்வார். ஆகையால் வேகமான ஆளைத்தான் ஏமாற்ற வேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த ஆள் சிவகௌரி டொக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் வேலை. ஒவ்வொரு கிழமையும் அவர் என் ஃபோல்ஸில் ஏமாந்து, சிரித்துக்கொண்டு திரும்பி வருவார். யாரிடமும் சொல்லாவிட்டாலும் அதில் எனக்குப் பெருமை இருந்தது.

மா பேக்கரியில் கழித்த பழைய மா, வண்டு விழுந்தது. ஆனாலும் கொழுந்து எடுக்கும் பெண்கள் விட மாட்டார்கள். "ரொட்டி சுடுற மாவ தரைக்கு ஊட்டுறியே, மண்ணுக்குப் பசிக்குதுன்னு சொல்லிச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பைனஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் நுழைந்துவிடுவேன்.

அது போர்க் காலம். டவுனில் கலவரத்தில் எரிந்த சுவர்கள் இன்னும் கறுப்பாக நின்றன. சந்திக்குச் சந்தி செக்பொயின்ட். கடையில் ரேடியோ செய்தி தொடங்கினால் தமிழில் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை பைனஸ் காட்டுக்குள் போனால் அது ஒன்றும் இல்லை. கீழே விழுந்து கிடக்கும் ஊசி இலை காலடிச் சத்தத்தைக் குடித்துவிடும். பனி வந்து மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும். திரும்பிப் பார்த்தால் நான் போட்ட மா மட்டும் வெள்ளையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். யாரோ ஒருவன் என்னை விட்டுவிட்டு நடந்துபோனது மாதிரி இருக்கும். சில நேரம் அவன் பின்னாலேயே போகலாமா என்று நின்றிருக்கிறேன்.

3. கல்லுக்குப் போன வழி

ஒரு வெள்ளிக்கிழமை ஓடைக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு, அதிலிருந்து மூன்று வழி பிரித்தேன். இரண்டு ஃபோல்ஸ், ஒன்று சரி. முதல் ஃபோல்ஸ் மானாப் புல்லுக்குள்ளால் ஏறி, மேலே உள்ள பெரிய கல்லுக்குச் சற்றுக் கீழே முடிந்தது. அங்கே பெரிய புள்ளடியாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஓட்டம் முடிந்து எல்லாரும் கீழே ரோட்டில் நின்ற வேனடிக்கு வந்தார்கள். நஸீர் நானா ஆள் எண்ணினார். ஒன்று குறைந்தது. சிவகௌரி டொக்டர் இல்லை.

அப்போது விறகுக் கட்டோடு இறங்கிவந்த ஒரு அக்கா, "மேல கல்லுகிட்ட காலையில இருந்து ஆமி குந்தியிருக்கான். வெறகு பொறுக்கக்கூட விடல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆமி புதிதாகக் காவல் சென்றி போட்ட இடத்துக்கு நானே வழி போட்டிருக்கிறேன். அந்த வழியில் போயிருப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண். ஓடுகிறவர்கள் கையில் ஒன்றும் கொண்டுபோவதில்லை, அவருடைய அடையாள அட்டை, ஐசி, வேனில் கைப்பைக்குள் கிடக்கிறது.

"அல்லாஹ்வே! நானும் வாரன்" என்றார் நஸீர் நானா. அவருக்கு நிற்கவே மூச்சு வாங்கியது.

"நீங்க ஏறி வர்றதுக்குள்ள இருட்டிடும் நானா" என்றேன். டொக்டரின் கைப்பையையும், மிச்ச மாப் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். வழி போடுகிறவன் நடப்பவன். அன்றுதான் முதல்முறை அந்தக் காட்டில் ஓடினேன்.

புள்ளடியைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டேன். கல்லடியில் ஒரு டென்ட், நாலு சிப்பாய்கள், ஒரு சார்ஜன். டொக்டர் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தக் குறி யார் போட்டது?"

"நான்தான் சேர்."

சார்ஜன் ஐசியை வாங்கிப் பார்த்தார். "யாழ்ப்பாணம்" என்று மெதுவாக வாசித்தார். பிறகு டொக்டரிடம் கேட்டார். "ஓடினேன் ஓடினேன்னு சொல்றியே. யார் துரத்தினது?"

"யாரும் துரத்தல."

"யாரும் துரத்தாம மனுசன் ஓடுவானா?"

சிப்பாய்கள் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கீழ இருந்து எங்க சென்றி வரைக்கும் வெள்ளை அடையாளம். சென்றிக்கு முன்னால புள்ளடி. நீ என் இடத்துல இருந்தா என்ன நினைப்பாய்?"

சென்றியைத் தாக்க யாரோ வழி குறித்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் குனிந்து, பையில் இருந்த மாவை எடுத்து, அவருடைய சப்பாத்துக்கு முன்னால் தரையில் முழு வழியையும் போட்டேன். வேன் நின்ற இடம், தேயிலை, பைனஸ் காடு, ஓடை, வட்டம், அதிலிருந்து மூன்று வழி. ஒரு வழியை முழுதாக இன்னொருவருக்குக் காட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சார்ஜன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "பிழையான வழி ஏன் போடுற?"

"ஏமாத்த, சேர்."

"ஏமாந்தா சண்டைக்கு வர மாட்டாங்களா?"

"ஏமாந்தாத்தான் அவங்களுக்கு சந்தோஷம் சேர்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார். "ஓடையடிக்குப் போ. இவன் சொல்ற சரியான வழி இருந்தா கீழ ரோட் வரைக்கும் போய், வேன் நிக்குதான்னு பார்த்திட்டு வா. இல்லாட்டி..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அவன் போனான். பனி ஏறி வந்தது. முதலில் டென்ட் மறைந்தது, பிறகு கல். டொக்டர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வழி ரோட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில், அப்படி ஒரு வழியை உண்மையில் போட்டேனா, கனவில் போட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் பனிக்குள்ளிருந்து சிப்பாய் வந்தான். போன பக்கத்தால் அல்ல, எதிர்ப் பக்கத்தால். முழங்கால் வரை சேறு. காலில் அட்டை கடித்து இரத்தம்.

"சார்ஜன், ரோட்டும் இல்ல, வேனும் இல்ல. மாவைப் பார்த்துப் பார்த்துப் போனேன், ஒரு பூப் பூத்த சேத்துக் குழியில கொண்டுபோய் விட்டுட்டு அங்கயும் ஒரு புள்ளடி! இந்த மனுசன் என்னையும் ஏமாத்திட்டான்!"

சார்ஜன் தரையில் இருந்த மாவைப் பார்த்தார். இரண்டாவது ஃபோல்ஸின் நுனியில் நான் போட்டிருந்த புள்ளடியில் விரலை வைத்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சிப்பாய்களும் சிரித்தார்கள். சேற்றோடு நின்றவனும் கடைசியில் சிரித்துவிட்டான்.

"கூட்டிக்கிட்டுப் போ" என்றார் சார்ஜன். "அந்தப் புள்ளடியை அழிச்சிட்டுப் போ. இனி இந்தப் பக்கம் ஒரு பொட்டு மா கண்டாலும் சுடச் சொல்லுவேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஈரத்தில் மா களியாகி இருந்தது. கையாலேயே வழித்து எடுத்தேன். டொக்டரும் பக்கத்தில் குந்தி வழித்தார்.

4. இறங்கும்போது

பாதி வழி இறங்கினோம். பிறகு நான், "என்னாலதான் அம்மா இவ்வளவும். மன்னிச்சிக்கங்க" என்றேன்.

"இல்லை அண்ணை. அந்தப் புள்ளடியை நான் கண்டனான்."

நான் நின்றுவிட்டேன்.

"கண்டிட்டுத்தான் மேல போனனான். உங்கட பிழையான வழியெல்லாம் நல்ல இடத்திலதானே போய் முடியுது? போன கிழமை அந்த அருவி. அதுக்கு முந்தி, குளமும் கோயிலும் சின்னதாத் தெரிஞ்ச அந்த மேடு. ஒவ்வொரு கிழமையும் பிழை எண்டு தெரிஞ்சு கொண்டுதான் ஓடுறனான். எங்கட ஊரில மலை இல்லை. கல்லில ஏறி நிண்டா என்ன தெரியும் எண்டு பாக்க ஆசையா இருந்தது."

"என்னம்மா தெரிஞ்சிச்சு?"

"துவக்கோட ஒரு பெடியன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொன்னது சரி. ஃபோல்ஸை நான் நல்ல இடத்தில்தான் முடிப்பேன். சரியான வழியில் யாரும் நிற்பதில்லை, ஓடிவிடுவார்கள். திரும்ப வேண்டியவர்தான் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். அதை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அன்றுதான் அறிந்தேன். அதே பழக்கம்தான் அவரைத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது என்பதையும் அறிந்தேன். பேங்க்காரரோ வெள்ளைக்காரரோ அந்தக் கல்லுக்கு ஏறியிருந்தால் ஆமிக்காரர்கள் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

அடுத்த கிழமையும் டொக்டர் ஓட வந்தார், ஐசியை பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு. நான் ஃபோல்ஸை விடவில்லை. நல்ல இடங்களையும் விடவில்லை. ஆனால் சனிக்கிழமை ஓட்டம் தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் மறுபடி ஏறிப் போய், புள்ளடி வரும் இடத்தையும் தாண்டி, ஆசைப்பட்டு ஒருவர் எவ்வளவு தூரம் போகக்கூடுமோ அவ்வளவு தூரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஃபோல்ஸுக்கு மா போட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். சரியான வழியை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். பிழையான வழியை இரண்டு முறை நடந்து பாருங்கள்.